அந்தத் தழும்பைப் பற்றி டொக்டர் கேட்டால்

போன மாதம் எங்களில் ஒருத்தியின் அக்காவுக்குக் கனடாவில் இருந்து மெடிக்கல் கடிதம் வந்தது. 30 நாட்களுக்குள் அவர்களுடைய பட்டியலில் இருக்கும் டொக்டர் ஒருவரிடம் போய் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும். அத்தான் அங்கே, அக்கா இங்கே, ஸ்பொன்சர் போட்டுவிட்டுக் காத்திருந்த வீடு. அன்றைக்குச் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இரவு அக்கா சாப்பிடவில்லை. அவவின் வயிற்றில் நெஞ்சுக்குழியில் தொடங்கி, தொப்புளை ஒதுக்கிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு தழும்பு இருக்கிறது. 2009 பெப்ரவரியில், 14 வயதில் வந்த தழும்பு.

ரவுனில் பைல் செய்து கொடுக்கிற ஏஜென்சிக்காரரிடம் அடுத்த நாளே கேட்டார்கள். அவர் யோசிக்கவே இல்லையாம். “ஒப்பரேசன் ஏதும் செய்தனீங்களோ எண்டு கேட்டா நோ எண்டு போடுங்கோ தங்கச்சி. கண்டுபிடிச்சுக் கேட்டா அப்பெண்டிக்ஸ் எண்டு சொல்லுங்கோ. செல் எண்ட சொல்லே வாயில வரப்படாது.”

மருத்துவ பீடத்தில் படிக்கிற நண்பன் ஒருவனுக்குப் போன் எடுத்து இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் சிரித்தான். “அப்பெண்டிக்ஸுக்கு ஆரடி நெஞ்சுக்குழியில இருந்து வெட்டுறது? முதலாம் வருசப் பெடியன் கூட நம்பமாட்டான்.”

நாங்கள் திருநெல்வேலியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கும் கலைப்பீடத்து ஆட்கள். எங்களுக்குச் சட்டமும் தெரியாது, மருத்துவமும் தெரியாது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. அந்தக் கிழமை முழுக்க டியூட்டோரியல்களை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கனடாவின் குடிவரவுச் சட்டத்தையும் விதிகளையும் வழக்குகளையும் வாசித்தோம். வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எங்கட சனம் பிழையான இடத்தில் பயப்படுகிறது. உடம்புக்கு முன்பு நடந்ததை நாங்கள் ஒளிக்கப் பார்க்கிறோம். அவர்கள் கணக்குப் போடுவதோ அந்த உடம்பு இனிமேல் எவ்வளவு செலவு வைக்கும் என்பதை. இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் தெரியாததால் எத்தனை வீட்டில் எத்தனை பேர் வேண்டாத பொய்களைச் சொல்லி, வேண்டிய கோபத்தைப் படாமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் ஊரில் உலாவும் கதைகள் கொஞ்சநஞ்சமில்லை. பிறசர் இருந்தால் றிஜெக்டாம். கண்ணாடி போட்டால் பொயின்ற் குறையுமாம். சீனி இருந்தால் பைலையே மூடிவிடுவார்களாம். உண்மையில் நடப்பது இவ்வளவுதான்: கடவுச்சீட்டைப் பார்த்து ஆளை உறுதி செய்கிறார்கள். உயரம், நிறை, கண், காது, நெஞ்சு, வயிறு பார்க்கிறார்கள். 11 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிபிலிஸ், எச்.ஐ.வி. உட்பட இரத்தப் பரிசோதனை. சிறுநீரும் கேட்பார்கள். இவற்றோடு ஒரு நீளமான கேள்விப் பட்டியல்: காசநோய் இருந்ததா, சத்திரசிகிச்சை செய்ததுண்டா, ஆஸ்பத்திரியில் தங்கியதுண்டா, மனநலத்துக்கு மருந்து எடுத்ததுண்டா, இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள்.

சோதிக்கும் டொக்டர் முடிவு எடுப்பதில்லை. பார்த்ததை எழுதி அனுப்புவதோடு அவருடைய வேலை சரி. முடிவு கனடாவின் குடிவரவு அதிகாரிகளுடையது. ஆனாலும் “அந்த டொக்டரோட ஆருக்கும் பழக்கமிருக்கோ?” என்று விசாரிக்காமல் எங்கட ஆக்களால் இருக்க முடியவில்லை. கிராம சேவகரின் கடிதத்துக்கே ஆள் பிடித்துப் பழகிய சனம், குறை சொல்லவும் மனம் வரவில்லை.

சட்டத்துக்கு வருவோம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 38ஆவது பிரிவு, உடல்நிலையைக் காட்டி ஒருவரை மறுப்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்கிறது. அவரிடமிருந்து மற்றவர்களுக்கு நோய் தொற்றக்கூடிய ஆபத்து. அவருடைய நிலையால் பொதுமக்களின் பாதுகாப்புக்கு வரக்கூடிய ஆபத்து. அங்குள்ள வைத்திய, சமூக சேவைகளுக்கு அவரால் ஏற்படக்கூடிய அளவுமீறிய செலவு. அவ்வளவுதான். வயிற்றில் தழும்பு இருப்பது இந்த மூன்றில் எதற்குள்ளும் வராது. பித்தப்பை எடுத்தவர், கர்ப்பப்பை எடுத்தவர், சீசர் செய்து பிள்ளை பெற்றவர், எர்னியா தைத்தவர் எல்லோரும் ஒரு சொல்லில் ‘ஓம்’ என்று சொல்லி, எந்த வருசம், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

பிறகு ஏன் பழைய வருத்தத்தைக் கேட்கிறார்கள்? அது இன்றைக்கும் தொடர்கிறதா, நாளைக்கு என்ன செய்யும் என்று பார்க்கத்தான். சின்ன வயதில் இருதயத்தில் ஓட்டை அடைத்தவரிடம் இப்போதைய எக்கோ அறிக்கையும் இருதய வைத்திய நிபுணரின் கடிதமும் கேட்கலாம். புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்தவரிடம் என்ன வகை, எந்தக் கட்டம், கடைசியாக எப்போது கிளினிக் போனார் என்று கேட்கலாம். நீரிழிவுக்குக் குளிசை போடுகிற ஒரு மாமாவுக்கும், அதே நீரிழிவால் சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் செய்கிற மாமாவுக்கும் வருத்தத்தின் பெயர் ஒன்றுதான், ஆனால் முடிவு ஒன்றாக இருக்காது. முதலாமவர் போவார். இரண்டாமவரின் பைல் நிற்கும். மேலதிக அறிக்கை கேட்டு வருகிற கடிதம் மறுப்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கடிதம் வந்ததுமே ஒப்பாரி வைத்த வீடுகள் எங்களுக்குத் தெரியும்.

அளவுமீறிய செலவு என்றால் எவ்வளவு? கனடாவில் ஒரு ஆளுக்கு ஒரு வருசத்தில் ஆகும் சராசரி வைத்திய, சமூக சேவைச் செலவை வைத்து ஒரு எல்லை போடுகிறார்கள். 2018 ஜூன் வரை அது வருசத்துக்கு 6,655 டொலர். அந்த மாதம் அதை மூன்று மடங்காக்கி 19,965 டொலர் ஆக்கினார்கள். பிள்ளைகளின் விசேட கல்விச் செலவையும் கணக்கில் இருந்து எடுத்தார்கள். 2024இல் எல்லை 26,220 டொலர். சாதாரண பிறசர் குளிசையும் சீனிக் குளிசையும் அந்தத் தொகைக்குக் கிட்டவும் வராது.

இதைவிட முக்கியமான ஒன்றை அக்காவின் ஏஜென்சிக்காரர் சொல்லவே இல்லை. கனடாவில் இருப்பவர் தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ ஸ்பொன்சர் செய்தால், அவர்களுக்கு இந்தச் செலவுக் காரணம் பொருந்தாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் பொருந்தாது. அதே 38ஆவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அதாவது அக்காவுக்கு அந்தக் காயத்தால் இன்றைக்கும் வைத்தியம் தேவைப்பட்டிருந்தால்கூட, செலவைக் காட்டி அவவை மறுக்க முடியாது. இதை வாசித்துக் காட்டியபோது அக்கா நம்பவில்லை. “அப்ப அவர் ஏன் நோ போடச் சொன்னவர்?” என்று கேட்டா. எங்களுக்கும் அதுதான் விளங்கவில்லை.

ஏனென்றால் உண்மையான ஆபத்து அந்த ‘நோ’வில்தான் இருக்கிறது. அதே சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, முக்கியமான ஒரு விசயத்தைப் பொய்யாகச் சொன்னால் அல்லது மறைத்தால் 5 வருசத்துக்குக் கனடாவுக்குள் போக முடியாது. அவுஸ்திரேலியாவிலும் பொய்த் தகவலுக்கு 3 வருசத் தடை இருக்கிறது. ஒரு தழும்பு முக்கியமான விசயமா இல்லையா என்று அதிகாரியோடு வாதாடலாம்தான். ஆனால் வயிற்றைத் திறந்து பார்க்கிற டொக்டர் ஒருவருக்கு முன்னால், கையெழுத்துப் போட்ட தாளில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு நிற்கிறவள் எங்கள் அக்கா. ஏஜென்சிக்காரர் அல்ல. அவருடைய கையெழுத்து அந்த போமில் எங்கேயும் இல்லை.

மற்ற நாடுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறோம். அவுஸ்திரேலியாவிலும் செலவுக் கணக்கு உண்டு. 2024 ஜூலை 1இல் இருந்து எல்லை 86,000 அவுஸ்திரேலிய டொலர். அது ஒரு வருசக் கணக்கல்ல, நிரந்தரமாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 5 வருசத்துக்கான மொத்தக் கணக்கு. நியூசிலாந்திலும் இதே மாதிரி ஒரு எல்லை இருக்கிறது. பிரித்தானியாவுக்கு 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்களிடம் இலங்கையில் காசநோய்ச் சான்றிதழ் மட்டும் கேட்கிறார்கள். படிக்கப் போகிற எங்கட பெடியளுக்கும் பெட்டையளுக்கும் இது தெரியாமல், லண்டன் விசாவுக்கு முழு உடம்பையும் ஸ்கான் செய்து காசைக் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

காசநோய் என்ற சொல்லை எழுதிவிட்டோம், அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். கசம் என்றால் எங்கட வீடுகளில் இன்றைக்கும் குரல் தணிந்துவிடும். தனிக் கோப்பை, தனிப் பாய், கலியாணப் பேச்சில் அந்தக் கதை வெளியே வரக்கூடாது என்ற சத்தியம். மெடிக்கலுக்குப் போகும்போதும் அதே சத்தியத்தைக் கொண்டு போகிறார்கள். ஆனால் நுரையீரலில் பழைய காசநோய் ஆறிய இடம் எக்ஸ்ரேயில் அப்படியே நிற்கும். நாங்கள் வாயைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

எங்களில் ஒருவனின் பெரியப்பாவுக்கு இது நடந்தது. மகனிடம் போவதற்குச் சுப்பர் விசாவுக்குப் போட்டிருந்தார். 90களின் தொடக்கத்தில் காசநோய் வந்து, செஸ்ற் கிளினிக்கில் முழுதாக மருந்து எடுத்தவர். பெரியம்மா சொல்ல வேண்டாம் என்று மன்றாடினா. மனுசன் கேட்கவில்லை. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது காணி உறுதியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போன கிளினிக் காட்டை அப்படியே டொக்டரின் மேசையில் வைத்திருக்கிறார். எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தது. மூன்று நாள் காலையில் சளி எடுத்தார்கள். அந்தச் சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க 8 கிழமை வரை எடுக்கும். காசநோய்க் கிருமி அவ்வளவு மெதுவாக வளர்வது, அதை ஒருவராலும் அவசரப்படுத்த முடியாது. அந்த 8 கிழமையும் பெரியம்மா ஒவ்வொரு வெள்ளியும் நல்லூருக்குப் போனா, பெரியப்பாவோடு கதைக்கவில்லை. கடைசியில் கிருமி இல்லை என்று வந்தது, விசாவும் வந்தது. கனடாவுக்குப் போன பிறகு 30 நாட்களுக்குள் அங்குள்ள சுகாதாரப் பிரிவில் பதிய வேண்டும் என்று ஒரு தாள் மட்டும் கூட வந்தது.

கிருமி இருந்திருந்தால்? மருந்து முடியும் வரை பைல் நின்றிருக்கும். சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து, இலங்கையில் அது இலவசம். முடித்துவிட்டுத் திரும்பவும் சோதிப்பார்கள். இந்தப் பகுதியில் எங்களுக்குக் கனடாவோடு சண்டை இல்லை. விமானத்தில் ஏறுவதற்கு முன் ஒருவருக்குத் தொற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடித்தால் அது அவருக்கும் நல்லது, அவருடைய வீட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நல்லது.

ஆனால் பெரியப்பாவிடம் ஒரு காட் இருந்தது. அக்காவிடம் ஒன்றும் இல்லை.

அக்கா காயப்பட்டது புதுமாத்தளனில். பள்ளிக்கூடத்தில் ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்த நேரம். அங்கேதான் வயிற்றைத் திறந்தார்கள். பிறகு செஞ்சிலுவைச் சங்கம் காயப்பட்டவர்களைக் கடல்வழியாக எடுத்தபோது, கப்பலில் திருகோணமலைக்குப் போனா. அங்கே ஒரு டயக்னோசிஸ் காட் கொடுத்தார்களாம். அதிலிருந்து செட்டிகுளம், மெனிக் பாம். அந்த வருசம் ஓகஸ்ட் மழையில் முகாமுக்குள் வெள்ளம் வந்து, கூடாரத்துக்குள் இருந்த பையோடு அந்தக் காட்டும் கரைந்து போனது. வலது பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு பீஸ் இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால்தான் ஆபத்து, இருக்கட்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வன்னியில் ‘பீஸ்’ என்றால் என்னவென்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. உடம்புக்குள் பீஸோடு படிப்பிக்கிற ரீச்சர்மார், பஸ் ஓட்டுகிற அண்ணைமார், எங்கள் பீடத்திலேயே எங்களோடு ஒரே வாங்கில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்.

எக்ஸ்ரேயில் உலோகம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அக்காவின் பயம் உண்மையில் செலவைப் பற்றியதல்ல, இதைப் பற்றியது என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. “செல் எண்டு சொன்னா, இயக்கத்தில இருந்ததோ எண்டு கேப்பாங்கள்.” 14 வயதுப் பிள்ளை, பங்கருக்கு வெளியே தண்ணி எடுக்கப் போய்க் காயப்பட்டது. ஆனால் 2009க்குப் பிறகு இங்கே ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் தழும்பு ஒரு சந்தேகமாகத்தான் பார்க்கப்பட்டது. அந்தப் பழக்கம் எங்கட உடம்பில் ஊறிவிட்டது. கொழும்பில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் கேட்டாலும் எங்களுக்கு அது விசாரணை மாதிரித்தான் கேட்கிறது.

இதை வாசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு வழக்கு எங்கள் கண்ணில் பட்டது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு. இலங்கைத் தமிழர் ஒருவர், நீதிமன்றப் பதிவில் கே.வி. என்ற எழுத்துக்கள் மட்டும். தடுப்பில் வைத்துச் சூடான இரும்பால் சுட்ட தழும்புகள் முதுகிலும் கையிலும் இருக்கின்றன என்று அகதிக் கோரிக்கை வைத்தவர். கீழ் நீதிமன்றங்களில், வேறு ஒருவரைக் கொண்டு தானே சுட வைத்திருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்கு எதிராக நின்றது. உச்ச நீதிமன்றம் அவருடைய மேன்முறையீட்டை ஏற்று, அப்படி வேண்டுமென்று தன்னைத்தானே சுட வைப்பவர்கள் மிக அரிது என்பதையும் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது. அகதியாகப் போகிறவன் தழும்பைக் காட்டினால் அது பொய் என்கிறார்கள். ஸ்பொன்சரில் போகிறவளுக்கு, தழும்பை உண்மையென்று சொல்லாதே என்று அறிவுரை. ஒரே நாட்டு ஆட்கள், ஒரே யுத்தம். எங்கட உடம்பை எப்போது காட்டலாம், எப்போது மூடலாம் என்பதை ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லித் தருகிறது.

எங்கள் வயதுக்காரர் சம்பந்தப்பட்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருசம் எங்களோடு படிக்கிற ஒருத்திக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, விரிவுரைக்கு வருவதில்லை. டொக்டரிடம் போவோம் என்று எவ்வளவோ கெஞ்சினோம். அவள் சொன்ன காரணம்: “மாஸ்டர்ஸுக்கு வெளியில போக இருக்கிறன். மனநோய் எண்டு பதிஞ்சா மெடிக்கலில பிடிப்பாங்கள்.” அந்தப் படிவத்தில் மனநலக் கேள்வி இருக்கிறது, உண்மை. ஆனால் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்ததற்காகவே ஒருவரை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கேயும் கேள்வி அதே மூன்றுதான்: தொற்றுமா, மற்றவர்களுக்கு ஆபத்தா, செலவு எல்லையைத் தாண்டுமா. வைத்தியம் பார்த்து நல்லாய் இருக்கிறார் என்று ஒரு கடிதம் இருப்பது, வைத்தியமே பார்க்காமல் அந்த அறைக்குள் போய் உடைந்து அழுவதைவிட எவ்வளவோ மேல். இன்னும் கிடைக்காத ஒரு விசாவுக்காக இருக்கிற உயிரைப் பணயம் வைக்கிறோம். அவள் இப்போது கிளினிக் போகிறாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

சரி, கோபத்துக்கு வருவோம். பொய் சொல்லாதே என்று சனத்துக்குப் புத்தி சொல்லிவிட்டு முடிக்க இதை எழுதத் தொடங்கவில்லை.

2008இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஹோர்ஷம் என்ற ஊரில் ஒரு ஜேர்மன் டொக்டர் வேலை செய்தார். கிராமப்புறத்துக்கு டொக்டர் இல்லை என்று அவர்களே கூப்பிட்ட ஆள். நிரந்தர வதிவிடம் கேட்டபோது மறுத்தார்கள். காரணம், அவருடைய மகனுக்கு டவுண் சின்ட்ரோம். ஊரே கிளம்பி எதிர்த்த பிறகு அமைச்சர் தலையிட்டுக் கொடுத்தார். 2016இல் கனடாவில் யோர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவருக்கும் இதே காரணம், இதே கதை, அதே மாதிரிக் கடைசியில் விதிவிலக்கு. டொக்டருக்கும் பேராசிரியருக்கும் பத்திரிகை வரும், அமைச்சர் வருவார். கிளிநொச்சியில் இருந்து போட்ட ஒருவருக்கு ஆர் வருவினம்?

2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஹிலெவிட்ஸ், டி யோங் என்ற இரண்டு குடும்பங்களின் வழக்கில் ஒரு நல்ல தீர்ப்புக் கொடுத்தது. நோயின் பெயரை மட்டும் வைத்து மறுக்காதே, அந்தக் குடும்பம் தன் செலவைத் தானே பார்க்கக்கூடியதா என்றும் பார் என்றது. நல்லதுதான். ஆனால் அந்த இரண்டும் வசதியான குடும்பங்கள். வசதி இருப்பவனுக்குக் கதவு திறந்தது. டயலிசிஸ் மாதிரி அரசு இலவசமாகக் கொடுக்கிற வைத்தியத்துக்கு ‘நாங்களே காசு கட்டுறம்’ என்று எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் எடுபடாது. 2017 டிசம்பரில் கனடா நாடாளுமன்றத்தின் குடிவரவுக் குழு, இந்தச் செலவுக் காரணத்தையே சட்டத்தில் இருந்து எடுத்துவிடச் சொன்னது. அரசாங்கம் எடுக்கவில்லை, எல்லையை உயர்த்தியதோடு நிறுத்திக்கொண்டது. அவுஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடிவரவுச் சட்டத்தின் கீழ் எடுக்கிற முடிவுகளுக்கு அது செல்லாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இலவச வைத்தியசாலை உள்ள நாடு தன் செலவைப் பார்க்கக்கூடாதா என்று எங்களுக்குள்ளேயே ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. யாழ்ப்பாணத்தில் கிளினிக் வரிசையில் விடியப்புறம் போய் நின்ற எவருக்கும் வைத்தியசாலைக்கு எல்லை உண்டு என்று தெரியும். ஆனால் அந்த நாடுகள் வயதான ஆளையும் டவுண் சின்ட்ரோம் பிள்ளையையும் செலவாகக் கணக்குப் போடும்போது, கூட வருகிற தாயும் தகப்பனும் 30 வருசம் கட்டப்போகிற வரியை அந்தத் தாளில் சேர்ப்பதில்லை. தாதி வேலைக்கும் லொறி ஓட்டவும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். எங்கட அம்மாவின் சிறுநீரகத்தை மட்டும் விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். பெற்றோருக்குச் செலவு விதிவிலக்கு இல்லை என்பதைப் புலம்பெயர்ந்த எத்தனையோ பிள்ளைகள் அம்மா டயலிசிஸில் விழுந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

உடம்பைப் பார்த்து ஆளை எடுப்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. மலையகத் தோட்டங்களுக்கு இந்தியாவில் இருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்த காலத்தில், இலங்கை அரசாங்கம் இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் வைத்திருந்தது. அங்கே மறித்து வைத்து, உடம்பைச் சோதித்து, அம்மைப் பால் குத்தித்தான் தலைமன்னாருக்குக் கப்பல் ஏற்றினார்கள். வேலை செய்யக்கூடிய உடம்பா என்பதுதான் கேள்வி. 1983க்குப் பிறகு அதே மண்டபத்தில்தான் இங்கிருந்து ஓடிப்போன எங்கட சனம் அகதியாகப் பதிந்தது. மெடிக்கலில் றிஜெக்ட் ஆவது தங்கள் உடம்பின் குற்றம் என்று வெட்கப்படுகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

இங்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அது கனடாவிடம் கேட்க வேண்டியதும் அல்ல. யுத்தத்தில் காயப்பட்டு, முகாம்களிலும் தற்காலிக ஆஸ்பத்திரிகளிலும் வைத்தியம் பெற்றவர்களின் பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அவர்களை இன்றைக்குச் சோதித்து ‘பழைய காயம், ஆறிவிட்டது, உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது, இப்போது பாதிப்பில்லை’ என்று எழுதிக் கொடுக்க எந்த அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணராலும் முடியும். விசாவுக்கு மட்டுமல்ல, நாளைக்கு அந்த ஆளை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொண்டு போனாலும் உள்ளே உலோகம் இருப்பது டொக்டருக்குத் தெரிய வேண்டும். அக்கா இப்படி ஒரு கடிதம் எடுக்க இரண்டு தரம் அலைந்தா. முதல் தரம் கிளினிக்கில் இருந்த ஒருவர் “ஏன் இப்ப இந்தப் பழைய கதை?” என்று திருப்பி அனுப்பினார். இரண்டாம் தரம் வயதான நிபுணர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். அது அந்த ஆளின் நல்ல மனம். வடக்கு மாகாண சுகாதாரத் திணைக்களம் இதை ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் ஒரு கிளினிக்காக வைத்தால், நல்ல மனம் உள்ள ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்காது. ‘எந்தப் பக்கம் நிண்டனீங்கள்’ என்று கேட்காத கிளினிக்காகவும் இருக்க வேண்டும்.

அக்கா ‘ஓம்’ என்றுதான் போட்டா. கொழும்புக்கு எங்களில் இரண்டு பேர் கூடப் போனோம். உள்ளே போய் முக்கால் மணித்தியாலம் ஆனது. வெளியே வந்ததும் என்ன கேட்டவர் என்று பாய்ந்தோம். எந்த வருசம், எங்கே ஒப்பரேசன், இப்ப நோ இருக்கா, வேலை செய்ய ஏலுமா. நாலு கேள்வி. எக்ஸ்ரே எடுத்த பிள்ளை பீஸைப் பார்த்துவிட்டு, “கொலரில ஊசி குத்தி இருக்கோ அக்கா?” என்று கேட்டதாம். இல்லை, அது உள்ளுக்க எண்டு அக்கா சொன்னாவாம். கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, ஏதும் தேவையென்றால் அறிவிப்போம் என்று அனுப்பிவிட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

திரும்பி வரும்போது பஸ் மதவாச்சியில் சாப்பாட்டுக்கு நின்றது. ஏஜென்சிக்காரர் போன் எடுத்தார். “நோ எண்டுதானே போட்டனீங்கள்?” அக்கா எங்களை ஒருக்காப் பார்த்தா. “சிக்னல் இல்லை அண்ணை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, வடை வாங்க இறங்கிப் போனா.